டெமோவில் பார்த்த அந்த பிரவுசர் எது? பெயரைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மதுரை வடபழஞ்சி ஐடி பூங்காவில் ஒரு டெமோ. இல்லையென்றால் திருப்பரங்குன்றம் பக்கம் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி செமினார் ஹால். திரையில் ஓடுவது பில்லிங் சாஃப்ட்வேர். ஆனால் பின்வரிசையில் இருப்பவர்களின் கண் அந்த சாஃப்ட்வேரைச் சுற்றியிருக்கும் சட்டத்தின் மேல்தான் போகிறது. டேப் எல்லாம் இடது பக்கம் அடுக்கி இருக்கிறது, அட்ரஸ் பாரைக் காணோம், மூலைகள் வளைந்திருக்கின்றன. "இது என்ன பிரவுசர்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டால், "குரோம் மாதிரிதான் இருக்கு" என்பார்.

அந்தப் பதில் பாதி சரி. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஒரே தானிலிருந்து வெட்டிய துணியில் நூறு விதமாகத் தைக்கலாம். பிரவுசரும் அப்படித்தான். துணி என்பது எஞ்சின், அதாவது பக்கத்தைத் திரையில் வரையும் உள் மென்பொருள். இன்று பரவலாகப் புழக்கத்தில் இருப்பவை மூன்றே துணிகள்: குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தின் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா, ஆர்க், சோஹோவின் உலா எல்லாம் முதல் துணி. ஜென், லிப்ரவுல்ஃப், ஃப்ளோர்ப், டோர் பிரவுசர் எல்லாம் இரண்டாவது. மேக்கில் ஓடும் ஓரியன் மூன்றாவது.

பெரும்பாலானோர் நேராக ஐகானைத் துரத்திக் கோட்டை விடுகிறார்கள். துணி எது என்று முதலில் பாருங்கள், அடுத்து தையல், அதாவது சட்டத்தின் தோற்றம், பெயர் கடைசியில். துணி தெரிந்துவிட்டால் ஐம்பது பெயர் கொண்ட பட்டியல் ஐந்தாகச் சுருங்கிவிடும்.

முதல் வேலை: நல்ல படம்

வீடியோவாக இருந்தால் தரத்தைக் கையால் மாற்றுங்கள். தானியங்கி அமைப்பில் விட்டால் மொபைல் டேட்டாவில் 480பிக்கு இறங்கி நிற்கும். 1080பி அல்லது அதற்கு மேல் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, சில நொடி ஓடவிட்டு, பிறகு நிறுத்துங்கள். யூடியூபில் நிறுத்திய நிலையில் காற்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் பின்னே போகும், முற்றுப்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் முன்னே போகும். கோப்பு கையில் இருந்தால் விஎல்சியில் திறந்து ஈ எழுத்து விசையை அழுத்துங்கள், ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஷிஃப்ட்டோடு எஸ் அழுத்தினால் படம் சேமிக்கப்படும்.

தரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. டேப்பில் இருக்கும் சிறு ஐகான் வழக்கமாக 16க்கு 16 பிக்சல். டெமோ செய்பவரின் திரை 2560க்கு 1440 ஆக இருந்து, வீடியோ 1280க்கு 720 ஆக வந்தால், அந்த ஐகான் 8க்கு 8 ஆகிவிடும். அதோடு முடியவில்லை. பெரும்பாலான வீடியோக்கள் 4:2:0 முறையில் சேமிக்கப்படுகின்றன. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒரு முறைதான். ஆக, அந்த 8க்கு 8 ஐகானில் நிறத் தகவல் 4க்கு 4 தான் மிஞ்சும். பிரேவின் ஆரஞ்சு சிங்கமும் ஓப்பராவின் சிவப்பு வளையமும் ஒரே மாதிரி செம்மண் பொட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். சின்ன ஐகானில் நிறத்தை நம்பாதீர்கள், வடிவத்தையும் இருக்கும் இடத்தையும் நம்புங்கள்.

எந்த நொடியில் நிறுத்துவது என்பதும் முக்கியம். டெமோவின் நடுப்பகுதியில் ஒன்றும் கிடைக்காது. முதல் அரை நிமிடம், கடைசி அரை நிமிடம், பேசுபவர் வேறு செயலிக்குத் தாவும் கணம், இந்த மூன்றும்தான் புதையல். ஆல்ட் டேப் அழுத்தும்போது விண்டோஸ் ஐகானையும் ஜன்னலின் தலைப்பையும் காட்டும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் தலைப்பின் கடைசியில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்பவை. மேக்காக இருந்தால் வேலை இன்னும் சுலபம். திரையின் மேல் இடது மூலையில், ஆப்பிள் சின்னத்துக்கு அடுத்து, தடித்த எழுத்தில் செயலியின் பெயரே எழுதியிருக்கும். முழுத்திரையில் அது மறைந்திருக்கும், ஆனால் மவுஸ் தப்பித்தவறி மேல் விளிம்பைத் தொட்டால் ஒரு நொடி எட்டிப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காக முழு வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது வீண் இல்லை. உபுண்டு போன்ற க்னோம் திரைகளிலும் முன்பு மேல் பட்டையில் செயலியின் பெயர் வரும். க்னோம் 45 வெளியான 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய வீடியோவில் மட்டும் பாருங்கள்.

நேரில் பார்த்த டெமோவைப் புரஜெக்டர் திரையிலிருந்து போனில் எடுப்பதாக இருந்தால் இரண்டு கோளாறு வரும். இருட்டு ஹாலில் போன் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், வெள்ளைத் திரை வெடித்துப்போய் டேப்பின் மெல்லிய சாம்பல் கோடுகள் எல்லாம் காணாமல் போகும். திரையின் வெள்ளைப் பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். இரண்டாவது, வானவில் பட்டைகள். சுழலும் வண்ணச் சக்கரம் உள்ள புரஜெக்டர் நிறங்களை ஒவ்வொன்றாக வீசுவதால், ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். புரோ மோடில் ஷட்டரை 1/50 நொடிக்கு வைத்து, கையைப் பெஞ்சில் ஊன்றி எடுத்தால் போதும்.

அது பிரவுசர்தானா?

சிரிக்க வேண்டாம். தேடி அலைந்து கடைசியில் பிரவுசரே இல்லை என்று முடிவது நிறைய நடக்கும்.

விளம்பர டெமோக்களில் வரும் "பிரவுசர்" பல நேரம் எடிட்டிங்கில் வரைந்த சட்டம். மூன்று வட்டம், நடுவில் ஒரு அட்ரஸ் பெட்டி, அவ்வளவுதான். பக்கம் மாறும்போது அட்ரஸ் மாறுகிறதா என்று பாருங்கள். லாகின் பக்கத்திலிருந்து டாஷ்போர்டுக்குப் போன பிறகும் அதே முகவரி அசையாமல் நிற்கிறது, பேக் அம்பு நிறம் மாறவே இல்லை, மவுஸ் ஒருமுறையும் சட்டத்தின் மேல் போகவில்லை என்றால் அது படம்.

அட்ரஸ் பாரும் டேப்பும் இல்லாமல் ஒற்றை ஜன்னலாக இருந்தால் இரண்டு வாய்ப்பு. குரோமிலோ எட்ஜிலோ தளத்தை ஆப்பாக நிறுவித் திறந்திருக்கலாம். அப்போது தலைப்புப் பட்டையில் மூன்று புள்ளி மெனு இருக்கும். அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரான் என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு கட்டிய தனிச் செயலியாக இருக்கலாம். அதற்குள் ஓடுவது குரோமியம்தான், ஆனால் நீங்கள் இறக்கிக்கொள்ள ஒரு பிரவுசர் அங்கே கிடையாது. கோட் எடிட்டருக்குள் பக்கவாட்டில் திறக்கும் முன்னோட்டப் பலகமும் இதே வகை.

ஒரே பக்கம் போன் அளவு, டேப்லட் அளவு, கணினி அளவு என்று பக்கத்தில் பக்கத்தில் பல பலகங்களில் ஓடி, ஒன்றில் உருட்டினால் எல்லாமே உருண்டால், அது டெவலப்பர்களுக்கென்றே கட்டிய பாலிபேன், சிஸ்ஸி, ரெஸ்பான்சிவ்லி போன்ற ஒன்று.

துணியைத் தடவிப் பார்க்கும் இடம்

சட்டத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பக்கத்துக்குள் எஞ்சின் தானே வரையும் சில பொருட்கள் உண்டு. அவற்றை மாற்றப் பெரும்பாலானோர் மெனக்கெடுவதில்லை. எஞ்சினை அங்கேதான் பிடிக்க வேண்டும்.

ஃபைல் பதிவேற்றும் பொத்தான்தான் எல்லாவற்றிலும் நம்பகமானது. குரோமியம் வகையில் பொத்தானில் 'சூஸ் ஃபைல்' என்றும் பக்கத்தில் 'நோ ஃபைல் சோசன்' என்றும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் வகையில் 'பிரவுஸ்' என்று போட்டு மூன்று புள்ளி, பக்கத்தில் 'நோ ஃபைல் செலக்டட்'. சஃபாரியில் பொத்தான் 'சூஸ் ஃபைல்', ஆனால் பக்கத்தில் சின்ன எழுத்தில் தொடங்கும் 'நோ ஃபைல் செலக்டட்'. இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் மூன்று எஞ்சினும் பிரிந்துவிடும். பொத்தானுக்குக் கலர் அடித்திருந்தாலும் பரவாயில்லை, ஸ்டைல் மாறினாலும் சொல் மாறாது. பொத்தானையே ஒளித்துவைத்துவிட்டு, மேலே தாங்களே ஒன்றை வரைந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. பிரவுசரைத் தமிழில் வைத்திருந்தால் சொற்களும் தமிழில் வரும், அப்போது அடுத்த சோதனைக்குப் போங்கள்.

கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டியைக் காலியாக விட்டு சேவ் அழுத்தும் கணம் டெமோவில் அடிக்கடி வரும், பேசுபவரே "பாருங்க, எரர் காட்டுது" என்று பெருமையாகக் காட்டுவார். குரோமியத்தில் ஆரஞ்சு சதுரத்துக்குள் ஆச்சரியக்குறியோடு ஒரு குமிழி வந்து 'ப்ளீஸ் ஃபில் அவுட் திஸ் ஃபீல்ட்' என்னும். ஃபயர்ஃபாக்ஸிலும் அதே வாக்கியம்தான், ஆனால் அந்த ஆரஞ்சு சதுரம் கிடையாது, பெட்டியின் ஓரம் சிவக்கும். சஃபாரியில் 'ப்ளீஸ்' இருக்காது, வெறும் 'ஃபில் அவுட் திஸ் ஃபீல்ட்' மட்டும்.

தேதி பெட்டியைத் திறந்தால் இன்னொரு துப்பு. குரோமியத்தின் காலண்டரில் மாதப் பெயர் இடது ஓரத்தில், மேலும் கீழும் போகும் அம்புகள் வலது ஓரத்தில், அடியில் 'கிளியர்', 'டுடே' என்று இரண்டு சொல். ஃபயர்ஃபாக்ஸில் மாதப் பெயர் நடுவில், அம்புகள் இருபுறமும். பெட்டியில் நாள் முதலில் வருகிறதா மாதம் முதலில் வருகிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது அந்த ஆளின் மொழி, நாடு அமைப்பைச் சொல்லும், பிரவுசரைச் சொல்லாது.

அலர்ட் பெட்டி வந்தால் குரோமியம் 'லோக்கல்ஹோஸ்ட் 3000 செஸ்' என்று யாரோ பேசுவது போலத் தலைப்புப் போடும். ஃபயர்ஃபாக்ஸ் முகவரியை மட்டும் போடும்.

டெமோவில் ஏபிஐ முகவரியை, அதாவது செயலி தரவு வாங்கும் முகவரியை, நேராகத் திறந்து, ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் தரவைக் காட்டுவார்கள். ஃபயர்ஃபாக்ஸ் அதை மடித்து விரிக்கும் மரமாக, மேலே 'ஜேசன்', 'ரா டேட்டா', 'ஹெட்டர்ஸ்' என்று மூன்று டேப்போடு காட்டும். குரோமியம் வெறும் எழுத்தாகக் கொட்டும். 2023க்குப் பிந்தைய பதிப்புகளில் மேலே 'ப்ரெட்டி பிரிண்ட்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். குரோமில் மரம் மாதிரி வந்தால் ஏதோ எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

டெமோ நடுவே இணையம் அறுந்துவிட்டால் நமக்கு இன்னும் நல்லது. குட்டி டைனோசர் வந்தால் குரோமும் அதன் நெருங்கிய உறவுகளும். எட்ஜில் டைனோசர் இருக்காது.

டெவ்டூல்ஸ் திறந்திருந்தால்

கீழேயோ வலதிலோ டெவ்டூல்ஸ், அதாவது பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் டெவலப்பர் கருவிப் பலகம், திறந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் டேப்பின் பெயரைப் படியுங்கள். 'எலிமென்ட்ஸ்', 'கன்சோல்', 'சோர்சஸ்', 'நெட்வொர்க்' என்று வரிசையாக இருந்தால் குரோமியம். 'இன்ஸ்பெக்டர்', 'டீபக்கர்', 'ஸ்டைல் எடிட்டர்' என்றால் ஃபயர்ஃபாக்ஸ். 'எலிமென்ட்ஸ்' இருந்து கூடவே 'டைம்லைன்ஸ்' என்றும் இருந்தால் சஃபாரி. எழுத்து மங்கலாக இருந்தால் வேறொரு வழி: ஒரு பெட்டியின் மேல் மவுஸ் வைக்கும்போது அதன் நான்கு ஓரங்களிலிருந்தும் பக்கம் முழுக்கப் புள்ளிக் கோடுகள் நீண்டு ஓடினால் ஃபயர்ஃபாக்ஸ்.

நெட்வொர்க் பலகத்தில் ஒரு கோரிக்கையைத் திறந்து அதன் தலைப்புத் தகவலான ஹெட்டரைக் காட்டினால் ஃப்ரேமை நிறுத்திப் படியுங்கள். குரோமியம் வகைகள் 'செக் சிஹெச் யுஏ' என்ற வரியில் தங்கள் பிராண்டைச் சொல்கின்றன. எட்ஜ் 'மைக்ரோசாஃப்ட் எட்ஜ்' என்றும், பிரேவ் 'பிரேவ்' என்றும் போட்டிருக்கும். அதே வரியில் 'நாட் ஏ பிராண்ட்' என்ற மாதிரி குறியீடுகள் கலந்த ஒரு பெயரும் வரும். அதைப் புது பிரவுசர் என்று நினைத்துத் தேடாதீர்கள். தளங்கள் குறிப்பிட்ட பெயர்ப் பட்டியலைக் கண்மூடித்தனமாக நம்பிவிடாமல் இருக்க வேண்டுமென்றே செருகிய போலி அது.

மேலே ஒரு பட்டை வந்து, குரோம் தானியங்கிச் சோதனை மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஓடுவது செலினியம் மாதிரி கருவி. அதில் ஐகானும் தோற்றமும் வழக்கமான குரோமிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கலாம், குழம்ப வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸை அப்படி ஓட்டினால் அட்ரஸ் பாரில் கோடு போட்ட பின்னணியும் ஒரு ரோபோ ஐகானும் வரும்.

இப்போது தையல்

எஞ்சின் தெரிந்த பிறகு சட்டத்துக்கு வாருங்கள். மெனு பொத்தானில் தொடங்குவது நல்லது. செங்குத்தாக மூன்று புள்ளி வலது ஓரத்தில் இருந்தால் குரோம். படுக்கையாக மூன்று புள்ளி என்றால் எட்ஜ். மூன்று கோடு என்றால் ஃபயர்ஃபாக்ஸ் அல்லது பிரேவ், இந்த இரண்டையும் எஞ்சின் சோதனை ஏற்கெனவே பிரித்துவிட்டிருக்கும். வலது பக்கம் மெனுவே இல்லாமல் இடது மேல் மூலையில் ஒரு எழுத்து இருந்தால், வி என்றால் விவால்டி, சிவப்பு ஓ என்றால் ஓப்பரா.

விவால்டிக்கு இன்னும் இரண்டு அடையாளம். ஜன்னலின் அடியில் ஸ்டேட்டஸ் பார், அதில் ஜூம் செய்யும் இழுப்பான், இந்தக் காலத்தில் வேறு பெரிய பிரவுசர் எதுவும் வைப்பதில்லை. தளத்துக்குத் தளம் டேப் பட்டையின் நிறம் மாறும். பிரேவுக்கு அட்ரஸ் பாரின் வலது முனையில் சிங்க முகம். சஃபாரியில் டேப் வரிசை அட்ரஸ் பாருக்குக் கீழே இருக்கும், மற்றவற்றில் பெரும்பாலும் மேலே. டேப்பின் மேல் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர்க் கோடு ஓடினால், ஃபயர்ஃபாக்ஸில் கன்டெய்னர் என்ற, டேப்களின் லாகின்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதியைப் பயன்படுத்துகிறார்கள்.

உலா நம் ஊர் டெமோக்களில் கண்ணில் படுவதுண்டு. சோஹோ 2023 மே மாதம் வெளியிட்டது, குரோமியம் துணிதான். வொர்க், பர்சனல், டெவலப்பர், கிட்ஸ், ஓப்பன் சீசன் என்று மோடுகளாகப் பிரித்திருப்பதுதான் அதன் தனித் தையல். ஒரு மோடிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மெனு கண்ணில் பட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

வலது பக்கம் அரட்டைப் பலகம் ஒட்டிக்கொண்டு, பக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறதா? 2025 ஜூலையில் வந்த பெர்ப்ளெக்சிட்டியின் காமெட், அக்டோபரில் முதலில் மேக்குக்கு வந்த சாட்ஜிபிடி அட்லஸ், ஆர்க்கைக் கட்டியவர்களின் டியா, கோபைலட் திறந்த எட்ஜ், எல்லாம் இந்த உருவில்தான் இருக்கும். எல்லாமே குரோமியம் என்பதால் எஞ்சின் சோதனை இங்கே கைகொடுக்காது. பலகத்தில் இருக்கும் உதவியாளரின் பெயரைப் படிப்பது ஒன்றுதான் வழி.

சட்டமே இல்லாமல், அடியில் ஒற்றை வரி, லிங்குகளின் மேல் மஞ்சள் பெட்டியில் ஓரிரு எழுத்து முளைத்தால் குயூட்பிரவுசராக இருக்கலாம். ஆனால் மஞ்சள் எழுத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். விமியம் என்ற எக்ஸ்டென்ஷன் குரோமிலும் அதையே செய்யும்.

அட்ரஸ் பாரை ஒருபோதும் விடாதீர்கள். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் முகவரியின் முதல் சொல்லே பெயர் சொல்லும்: பிரேவ், எட்ஜ், விவால்டி, ஓப்பரா என்று தொடங்கி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு. 'அபவுட்' என்று தொடங்கி முக்காற்புள்ளியோடு அடுத்த சொல் வந்தால் பெரும்பாலும் ஃபயர்ஃபாக்ஸ் வகை. ஏதாவது எக்ஸ்டென்ஷனின் பக்கம் திறந்தால் 'குரோம் எக்ஸ்டென்ஷன்' என்றோ 'மோஸ் எக்ஸ்டென்ஷன்' என்றோ முன்னொட்டு வரும். இரண்டாவது வந்தால் கெக்கோ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

ஒரு டெமோவைப் பிரித்து மேய்வோம்

மாட்டுத்தாவணி மலர் சந்தையில் மல்லிகை விலையை நாளுக்கு நாள் பதியும் ஒரு செயலியின் டெமோ வீடியோ என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் செங்குத்தாக டேப்கள், அவற்றின் தலைமாட்டில் சின்னச் சின்ன ஐகான்கள் கட்டமாக. மேலே பட்டை எதுவும் இல்லை. பக்கம் நாலு மூலையும் வளைந்து, சுற்றிலும் இளம் ஊதா விளிம்பு. பார்த்தவுடன் பலரும் சொல்லும் பெயர் ஆர்க்.

ஆறாவது நிமிடத்தில் பேசுபவர் விலைப் பட்டியல் கோப்பு ஒன்றைப் பதிவேற்றுகிறார். பொத்தானில் 'பிரவுஸ்', பக்கத்தில் 'நோ ஃபைல் செலக்டட்'. இங்கேயே ஆர்க் அடிபட்டுப் போனது, அது குரோமியம். செங்குத்து டேப் வைத்த எட்ஜ், விவால்டி, பிரேவ் எல்லாமும் கூடவே போயின. உறுதிக்கு இன்னொன்று: ஜன்னலை மூடும் பொத்தான், கோப்பு தேர்வுப் பெட்டியின் தோற்றம் இரண்டும் லினக்ஸ் என்கின்றன. கணினியில் ஆர்க் மேக்கிலும் விண்டோஸிலும் மட்டும்தான் வந்தது.

கெக்கோவில் செங்குத்து டேப் என்றால் முக்கியமாக மிஞ்சுவது நான்கு. ஃபயர்ஃபாக்ஸே தன் 136ஆம் பதிப்பில், 2025 மார்ச்சில், செங்குத்து டேப் கொடுத்துவிட்டது. ஜென் இருக்கிறது. ஃப்ளோர்ப் இருக்கிறது. சைட்பெரி போன்ற எக்ஸ்டென்ஷனும் கைத்தையலும் போட்ட ஃபயர்ஃபாக்ஸ் நான்காவது.

பிரிக்கும் கத்தி அட்ரஸ் பார்தான். ஃபயர்ஃபாக்ஸில் டேப் இடதுக்குப் போனாலும் அட்ரஸ் பார் மேலே அகலமாக நிற்கும். ஜென்னின் இயல்பான அமைப்பில் முகவரியும் இடது பலகத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதைக் கிளிக் செய்தால் பெட்டி திரையின் நடுவில் மிதந்து வரும். டெமோவில் பேசுபவர் புது முகவரி தட்டச்சு செய்யும் கணத்தைத் தேடுங்கள். நடுவில் மிதந்ததா? பலகத்தின் அடியில் வொர்க்ஸ்பேஸ் மாற்றும் ஐகான்கள் இருக்கின்றனவா? இரண்டும் இருந்தால் ஜென் என்று எழுதிக்கொள்ளலாம். தலைமாட்டில் இருந்த ஐகான் கட்டத்தை வைத்து முடிவு செய்திருந்தால் தவறியிருப்போம், ஃபயர்ஃபாக்ஸின் பின் செய்த டேப்களும் செங்குத்து அமைப்பில் அப்படியேதான் அடுக்கி நிற்கும்.

ஏமாறும் இடங்கள்

ஒரே ஒரு அடையாளத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். துணியிலிருந்து ஒன்று, தையலிலிருந்து ஒன்று, குறைந்தது இரண்டு வேண்டும். காரணம், ஃபயர்ஃபாக்ஸில் 'யூசர்குரோம்' என்ற ஒரு சிஎஸ்எஸ் கோப்பை எழுதி வைத்தால் சட்டத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டித் தைக்கலாம். சஃபாரி மாதிரி, ஆர்க் மாதிரி மாற்றும் கோப்புகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. "இப்படி ஒரு பிரவுசர் எங்கும் கிடைக்கவில்லையே" என்று நான்கு நாள் தேடுபவர்களில் பலர் பார்த்தது இதைத்தான்.

வீடியோவின் வருடத்தையும் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் டேப் 2014இல் வளைந்தது, 2017 நவம்பரில் சதுரமானது, 2021 ஜூனில் தனிப் பொத்தான் மாதிரி மிதக்கத் தொடங்கியது. குரோமின் சாய்வான டேப்கள் 2018 செப்டம்பரோடு போயின. முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டு 2023 செப்டம்பரில், 117ஆம் பதிப்பில், இரண்டு இழுப்பான் மாதிரி ஐகானாக மாறியது. எட்ஜ் 2020 ஜனவரியில்தான் குரோமியத்துக்கு மாறியது, அதற்கு முன் அதன் எஞ்சினே வேறு. பழைய வீடியோவில் "தெரியாத பிரவுசர்" என்பது சில நேரம் நமக்கு மறந்துபோன தெரிந்த பிரவுசர்.

ஐகானின் நிறம் மட்டும் வேறாக இருந்தால் சோதனைப் பதிப்பாகவோ மூலப் பதிப்பாகவோ இருக்கும். மஞ்சள் குரோம் கேனரி, நீலம் குரோமியம், நீல நரி ஃபயர்ஃபாக்ஸ் டெவலப்பர் எடிஷன், ஊதா திசைகாட்டி சஃபாரி டெக்னாலஜி பிரிவ்யூ.

ஐபோனில் எடுத்த டெமோ என்றால் எஞ்சின் சோதனையை அப்படியே விட்டுவிடுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் ஐபோன் பிரவுசர்கள் எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே வெப்கிட்தான்.

உங்கள் தளத்தைத்தான் திறந்து காட்டினார் என்றால்

சர்வர் லாக் உங்களிடமே இருக்கும். டெமோ நடந்த நேரத்து வரியை எடுத்து, பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பகுதியான யூசர் ஏஜென்ட்டைப் படியுங்கள். கடைசியில் 'எட்ஜ்' என்பதைச் சுருக்கி ஈ, டி, ஜி என்று மூன்று எழுத்து இருந்தால் எட்ஜ். ஓ, பி, ஆர் என்றால் ஓப்பரா. ஆனால் பிரேவ் தன்னைக் குரோம் என்றே சொல்லிக்கொள்ளும். விவால்டியும் 2019 டிசம்பரிலிருந்து பெரும்பாலான தளங்களிடம் அப்படியே. ஜென் தன்னை ஃபயர்ஃபாக்ஸ் என்று சொல்லும். ஆகவே லாக் 'குரோம்' என்றால் அது குரோம் என்று அர்த்தமில்லை, துணி குரோமியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம்

மேலே சொன்னதில் பாதியைச் செய்வதற்குள் பேசியவரிடமே கேட்டுவிடலாம். கேட்கும் முறையில்தான் பதில் வருவதும் வராததும் இருக்கிறது. "என்ன பிரவுசர் சார் அது?" என்று மொட்டையாகக் கேட்டால், "குரோம்தாங்க" என்று பதில் வரும், பாதிப் பேர் எல்லாவற்றையும் குரோம் என்றே சொல்வார்கள். இப்படி எழுதுங்கள்: "வணக்கம் சார். உங்கள் டெமோவில் 6 நிமிடம் 20 நொடியில், இடது பக்கம் டேப்கள் செங்குத்தாக உள்ள ஜன்னலைப் பார்த்தேன். ஜென் பிரவுசர் என்று நினைக்கிறேன். சரிதானா? இல்லை, ஃபயர்ஃபாக்ஸில் ஏதாவது தீம் போட்டிருக்கிறீர்களா?" நேரம், ஸ்கிரீன்ஷாட், ஒரு ஊகம், மூன்றும் இருந்தால் ஒரு சொல்லில் பதில் வரும். தவறான ஊகமாக இருந்தாலும் நல்லது, அதைத் திருத்துவதற்காகவே பதில் எழுதுவார்கள்.

இறக்கும்போது

பெயர் கிடைத்தவுடன் தேடுபொறியில் தட்டி, மேலே வரும் முதல் லிங்கைத் தொடாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம், புதுப் பெயர் பெற்ற பிரவுசர்களுக்குப் போலித் தளம் கட்டி விளம்பரம் போடுவது நடப்பதுதான். உருவாக்கியவர்களின் தளத்துக்கு, முடிந்தால் அவர்களின் கிட்ஹப் பக்கத்திலிருந்து லிங்க் பிடித்துப் போங்கள். லினக்ஸில் ஃப்ளாட்ஹப் என்ற செயலிக் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸில் இறக்கிய கோப்பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயர் அங்கே வரும். சின்ன திட்டங்கள் கையெழுத்து இல்லாமல் வெளியிடுவதும் உண்டு. அப்போது பவர்ஷெல்லில் 'கெட் ஃபைல்ஹேஷ்' கட்டளை கொடுத்து, கோப்பின் கைரேகை மாதிரி வரும் 64 எழுத்து ஷா256 குறியீட்டை அவர்கள் வெளியிட்டதோடு ஒப்பிடுங்கள். முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்தால் போதும் என்று பலர் நிறுத்துவார்கள். முழுதாக ஒப்பிட அரை நிமிடம்கூட ஆகாது.

நிறுவும்போது பழைய பிரவுசரிலிருந்து பாஸ்வேர்டை இழுத்துக்கொள்ளவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கணினியில் தனி யூசர் கணக்கு ஒன்று திறந்து அதில் ஓட்டுவது மேல். விண்டோஸ் புரோ இருந்தால் சாண்ட்பாக்ஸ் என்ற தனிமைப்படுத்திய சோதனை ஜன்னல் போதும், ஹோம் பதிப்பில் அது கிடையாது.

கடைசியாக ஒப்பிடுதல். டெமோவில் காட்டிய அதே தளத்தைத் திறந்து, ஜன்னலை ஏறக்குறைய அதே அகலத்துக்கு இழுத்து, ஜூமை 100 சதவீதத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டேப்பின் உயரம், மெனுவின் இடம், மூலையின் வளைவு, ஃபைல் பொத்தானின் சொல் நான்கும் ஒத்தால் அதுதான். பொத்தான் ஒத்து வளைவு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், வீடியோ வெளியான மாதத்துப் பதிப்பை வெளியீட்டுப் பட்டியலில் தேடுங்கள், இடையில் தோற்றம் மாறியிருக்கும். பொத்தானே ஒத்துப்போகவில்லை என்றால் துணியே வேறு, எஞ்சின் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.